ஊசி போட்டால் நோன்பு முறியுமா?

மார்ச் 10, திங்கள்

ஜாபருக்கு இன்று கடைசிக் கட்ட கீமோ ஆரம்பம். எர்ணாவூரில் வெல்டர், ரத்தப் புற்றுநோய். அவன் எலும்பு மஜ்ஜையை நாங்களே துடைத்து எடுத்துவிட்டு, அண்ணன் உபைதுல்லாவின் ஸ்டெம் செல்லை ஏற்றப் போகிறோம். துடைத்தபின் அண்ணன் செல் கிடைக்கவில்லையென்றால் ஆள் காலி. இந்த வம்பைத்தான் பல வருடமாகப் பிழைப்பாக வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் குறை: "பிரசவம் பாத்திருந்தா ராயபுரத்துல நாலு பேருக்காவது உன்னத் தெரியும்." ஆணிக்கடைக்காரருக்கு என்ன தெரியும்!

மார்ச் 13, வியாழன்

உபைதுல்லாவுக்கு ஊசி தொடங்கியது. எலும்பிலிருக்கும் செல் ரத்தத்துக்கு வர, தினமும் காலையில் ஒன்று; நேரம் தவறக் கூடாது. வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் போட்டுக்கொள்வார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார்.

மார்ச் 15

ஜாபருக்கு வாயெல்லாம் புண். வாய் மட்டும் அடங்கவில்லை.

"டாக்டரம்மா, அண்ணன் செல்லு ஏறிச்சுன்னா நானும் கஞ்சனாயிடுவனா?"

"ஆமா, வழுக்கையும் விழும்."

"அதத்தான் நீங்க ஏற்கெனவே வுழ வெச்சிட்டீங்களே!"

மார்ச் 17, திங்கள்

கடவுளே. உபைதுல்லாவை இயந்திரத்தில் மாட்டி மதியம்வரை எடுத்தும், தேவையில் பாதிகூட இல்லை. நரம்பே கிடைக்காமல் நர்ஸ் சாண்ட்ரா திண்டாடிவிட்டாள்.

"காலைல ஊசி போட்டீங்களா இல்லியா?"

"நோன்பு தொறந்துட்டு, சாயங்காலமா போட்டுகினேன் டாக்டரம்மா."

"தண்ணி?"

"நோன்புல எப்டி குடிக்கிறது? தம்பிக்காவத்தான் ஒண்ணு வுடாம பிடிக்கிறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! யோவ், உன் தம்பி உடம்புல இப்ப ஒண்ணுமே இல்லய்யா — கத்திவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. ரம்ஜான் மாதத்தில் நோன்பைப் பற்றிக் கேட்காத நான், தெருவுக்குத் தெரு நோன்புக் கஞ்சி காய்ச்சும் வண்ணாரப்பேட்டையில் பிறந்து என்ன பிரயோஜனம்?

அவரே பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு போன் போட்டார். ஊசியால் நோன்பு முறியாதாம். தம்பி உயிருக்காக என்றால் நோன்பையே விட்டுவிட்டு, பிறகு பிடிக்கலாமாம்.

"முன்னாடியே கேக்குறதுக்கென்ன?"

"சீக்காளிக்குத்தான் சலுகைன்னு நெனச்சேன். நான் நல்லாத்தானே கீறேன்."

உடனே ஊசி போட்டோம். ஒரு பாட்டில் தண்ணீரை அழுதுகொண்டே குடித்தார். நாளைக்கும் வராவிட்டால்? பயமாக இருக்கிறது.

மார்ச் 18

வந்துவிட்டது! தேவைக்கு மேலேயே. ஜாபருக்கு ஏற்றியாயிற்று.

மார்ச் 31, ரம்ஜான்

வெள்ளை அணு இன்னும் ஏறவில்லை; அண்ணன் செல் பிடித்ததா என்றே தெரியவில்லை. பெருநாள் அதுவுமாக உபைதுல்லா புதுச்சட்டையோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் என்ன சொல்வேன்? பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடி வந்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வெள்ளை அணு ஏறி வீட்டுக்குப் போன ஜாபர், முதல் முறையாகப் பரிசோதனைக்கு வந்தான். உள்ளே ரத்தம் கொடுத்தபடி சாண்ட்ராவிடம் வம்பளந்துகொண்டிருந்தான். அண்ணனுக்கும் எனக்கும் டீ சொன்னேன். அவர் தொடவில்லை.

"என்னங்க, சர்க்கரையா?"

"இல்லம்மா. செல்லு எடுத்தப்ப வுட்ட அந்த ரெண்டு நோன்பு பாக்கி கீது. அவன் வூடு வந்தப்புறந்தான் பிடிக்கணும்னு இருந்தேன். இன்னிக்கு மொத நோன்பு."

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.