கராஜில் வெந்த ஞாயிற்றுக்கிழமை

ஜனவரி 12, ஞாயிறு

இன்றும் சர்ச்சுக்குப் போகவில்லை. வெளியே மைனஸ் இருபது. கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். பாஸ்டர் வேண்டுமானால் கோபித்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் மார்லிஸ், மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சியைப் போட்டுவிடுவாள். தோள்பட்டைத் துண்டு, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு. திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடே மணக்கும். பாதிப் பிரசங்கத்தை நான் அந்த மணத்தை நினைத்துத்தான் தாண்டுவேன். நவம்பரில் அவளுக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். அதோடு அது நின்றுபோயிற்று.

இன்று நானே செய்தேன். ஆசையாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன், மடையன். மணம் கிளம்பியதுமே அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்துவிட்டாள். குமட்டலாம். குக்கரைக் கராஜுக்குத் தூக்கிப் போய், பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்றேன். சுவையாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

ஜனவரி 14, செவ்வாய்

டாக்டரைப் பார்த்தோம். எடை இன்னும் இறங்கியிருக்கிறது. மாதக் கடைசிக்குள் இது நிற்காவிட்டால் மருந்தை நிறுத்திவைத்து, மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். மார்லிஸ் தலையாட்டிக் கேட்டாள். காரில் ஏறியதும், "மூக்குல குழாயோட நான் சர்ச் பக்கம் வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 15

ஓட்ஸ் கஞ்சி. மூன்று ஸ்பூன். மூன்றாவதும் எனக்காகத்தான் விழுங்கினாள்.

ஜனவரி 17, வெள்ளி

எதிர்வீட்டு வெர்னா சீஸும் நூடுல்ஸும் போட்டுச் சுட்ட பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். இந்த மாதத்தில் நான்காவது. "அவ சாப்பிடலன்னா நீயாவது சாப்பிடு ஹார்லன், ஆளே கரண்டிக் காம்பு மாதிரி ஆயிட்ட" என்றாள். என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாலையில் மார்லிஸ் தானாகவே பேச்செடுத்தாள்.

"எனக்கு அந்தக் கறி மேல கோவம் இல்ல. வாசனைதான் ஆகல. கராஜ்ல வேகவை. வெந்ததும் ஒரு தட்டுல போட்டு, கொஞ்சம் ஆறவிட்டுக் கொண்டா. பாப்போம்."

"நெஜமாவா?"

"பாப்போம்னு சொன்னேன். அதுக்குள்ள கொடி ஏத்தாத."

ஜனவரி 19, ஞாயிறு

எழுதவே வெட்கமாக இருக்கிறது.

விடியும் முன்னே எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டு, கராஜ் சுவரில் இருந்த மின் இணைப்பில் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறியது. மூடியை மட்டும் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போச்சு என்பது மார்லிஸின் சட்டம். அந்தச் சட்டத்துக்கு அடங்கித்தான் இத்தனை வருடம் இந்த வீட்டில் காலம் தள்ளியிருக்கிறேன். எனவே மதியம் வரை அந்தப் பக்கமே போகவில்லை.

அவள் தலையில் ஸ்கார்ஃப் கட்டி, பச்சை ஸ்வெட்டர் போட்டு, மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தே பல நாள் ஆயிற்று. நான் போய் மூடியைத் திறக்கிறேன் — கறி சிவப்பாக, பச்சையாக, ஐஸ் மாதிரி. உருளைக்கிழங்கைச் சுவரில் அடித்தால் சுவர்தான் உடையும்.

அது பிக்கப்பின் இன்ஜின் ஹீட்டருக்கான இணைப்பு. அதில் டைமர் மாட்டியவனே நான்தான். நான் வேலைக்குப் போன காலத்தில் வண்டி கிளம்பும் நேரத்துக்கு இன்ஜின் சூடாக இருக்க வேண்டுமென்று வைத்தது. எட்டு மணிக்கு அது தானாக அணைந்துவிடும். வடக்கு டகோட்டாவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டாமா? என்ன ஆளு நான். அவ ஒரு நாள் சாப்பிடறேன்னு உக்காந்தா, அந்த ஒரு நாள்லயா — சே.

உள்ளே போய்ச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"மாட்டுக்கு இன்ஜின் ஹீட்டரா மாட்டி விட்ட?"

"ம்."

"ஸ்டார்ட் ஆச்சா?"

பிறகு சிரித்தாள். இருமல் வரும்வரை, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஆனால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பிஸ்கட்டும் வேண்டாம் என்று படுத்துவிட்டாள். நான் பிக்கப்பில் போய் உட்கார்ந்து அழுதேன். ஹீட்டரைப் போட்டுக்கொண்டுதான் அழுதேன், அவ்வளவு குளிர்.

ஜனவரி 21

டைமரைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

இந்தத் தடவை நல்ல இணைப்பு. குக்கரைச் சுற்றிப் பழைய கம்பளி. "இன்னிக்கு மேசைக்கெல்லாம் வரமாட்டேன், ஆசை காட்டாத" என்று மார்லிஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். சரி என்றேன். செய்தித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பதினொன்றரை இருக்கும், கராஜ் கதவு கிரீச்சிட்டது. நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மூன்றாம் தடவை மெல்ல எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். நைட்டி மேல் என் பெரிய குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் பூட்ஸில் கால் நுழைத்து, குக்கர் முன்னால் நிற்கிறாள். கராஜ் குளிரில் வாசனை அவ்வளவாக எழவில்லை போலிருக்கிறது. கையில் மூடி. ஓரத்தில் பாத்திரத்தோடு ஒட்டி முதலில் வெந்து கறுத்திருக்கும் துண்டைப் பிய்த்து வாயில் போடுகிறாள். எப்போதும் அவளுக்கென்று எடுத்துவைக்கும் துண்டு.

சட்டம் பேசிய என் மார்லிஸ். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவகாசமாக.

சத்தமில்லாமல் வந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்தேன்.

சாப்பாடு வேக மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அவளே கேட்கிறாள். "குளிர்" என்றேன். கோட்டின் கைப்பட்டியில் கிரேவி சொட்டியிருந்தது. நான் அதைத் துடைக்கப்போவதில்லை.

ஜனவரி 31, வெள்ளி

எடை இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியும் இருக்கிறது. குழாய் வேண்டாம், மருந்து தொடரலாம். டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "இவரு குளிர்ல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறத" என்றாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காலையில் குக்கரைத் தூக்கிக்கொண்டு கராஜ் பக்கம் திரும்பினேன். மார்லிஸ் மேசையில் கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

"அங்க எங்க போற? ஒவ்வொரு தடவையும் உன் பூட்ஸ மாட்டிக்கிட்டு என்னால நடக்க முடியாது. இங்கயே வை."

சமையலறையில் வைத்தேன். வீடு இப்போது மணக்கிறது. அவள் படுக்கையறைக் கதவு திறந்தே இருக்கிறது.