கூரையில் ஒட்டிய அன்னாசித் தோல்

உம்மாவுக்கு ஸலாம். வாப்பாவுக்கு இருமல் நின்னுடுச்சா? நீங்க மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா? நான் சுகம்தான்.

கிள்ளான்ல எங்க சாப்பாட்டுக்கடையில பாத்திரம் கழுவுற சோப்புத்தண்ணி கையை உரிச்சு எடுக்குது. அதனால நானே ஒண்ணு செஞ்சு பார்த்தேன். அன்னாசித் தோலைச் சர்க்கரைத் தண்ணியில ஊறப்போட்டு, நல்லாப் புளிச்சதும் அதுலயே கழுவலாம்னு பக்கத்து வீட்டு புனிதா அக்கா சொன்னாங்க. "தினம் மூடியைத் திறந்து காத்தை விடு லா"ன்னும் சொன்னாங்க. வேலை அசதியில மறந்துட்டேன். பாட்டில் வெடிச்சு, தோலெல்லாம் கூரையில ஒட்டிக்கிச்சு! ரூமே சிரிச்சுது.

இந்தக் கடுதாசி கொண்டு வர்ற ரஃபீக் திரும்பும்போது, பாத்திரம் கழுவப் பூந்திக்கொட்டை கொடுத்து விடுங்க உம்மா. விதையை எடுத்துட்டு, வெயில்ல காய வச்சுக் கொடுங்க. கை சீக்கிரம் ஆறணும். வேலை பர்மிட் புதுப்பிக்கப் போனேன், விரலை எப்படி வச்சாலும் மெஷின்ல ரேகை விழல. தோல் வளர்ந்தப்புறம் வான்னு அனுப்பிட்டாங்க. பர்மிட் இல்லாம ஊருக்கு வந்தா, திரும்ப மலேசியாவுக்குள்ள விடமாட்டாங்க.

ரஃபீக் பையைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறான். பெருநாளுக்கு எனக்குச் சட்டைத்துணி எடுக்காதீங்க. எடுத்திருந்தா, தம்பி அளவுக்குத் தச்சுடுங்க.

உங்க மகன்
நிஜாம்