தட்டிக்கு வெளியே பாகூர்

ஜூலை 9, செவ்வாய்

காலையில் தூறல். விதைக்கு வைத்த மணிலாக்கொட்டையை உள்ளே அள்ளிப்போட ஆள் கிடைக்கவில்லை. எல்லாரும் கால்பந்தாட்டப் பேச்சில்.

ஞாயிறு பிரெஞ்சுத் தேசியத் திருநாள். அன்று மாலை புதுச்சேரி மைதானத்தில் கோப்பைக்கான இறுதி ஆட்டம். நகரத்து அணியும் எங்கள் பாகூர் அணியும். கிராமத்திலிருந்து ஓர் அணி இவ்வளவு தூரம் போனதாக எனக்கு நினைவில்லை.

ஜவுளிக்கடை இபுராகிம் பாய் கொடிக்குத் துணி கொடுத்துவிட்டார். மஞ்சள் காடா. நீல எழுத்தில் ‘பாகூர்’ என்று மட்டும். வாழ்க, வெல்க ஒன்றும் வேண்டாம் என்றது நான். இரு பக்கமும் மூங்கில்.

அணித் தலைவன் ஆறுமுகம் வந்தான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் கொடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் களத்தில் இறங்குவான்.

“கொடி இல்லாம எறங்கமாட்டோங்க ஐயா. கமிட்டிகிட்டயும் சொல்லி வுட்டுட்டேன்.”

சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 10, புதன்

புழுக்கம். பல்வலி, இடது பக்கம்.

கமிட்டியின் அறிவிப்பு சாவடியில் ஒட்டப்பட்டுள்ளது. மைதானத்தைச் சுற்றித் தட்டி அடைப்பு. வெறுங்காலுடன் வருவோருக்கு இடமில்லை. மேளம் கூடாது. கொடிக்குத் தலைவரின் முன் அனுமதி.

பாகூர் ஆட்டக்காரர்கள் எல்லாருமே வெறுங்காலால் ஆடுகிறவர்கள். அந்தக் கால்கள் உள்ளே போகலாம். அவற்றைப் பார்க்கப் போகும் கால்கள் வெளியே. இதை எழுதியவன் சிரிக்காமல் எழுதியிருக்கிறான்.

கமிட்டித் தலைவன் தெய்வநாயகம். சென்னையில் பி.ஏ. படித்தபோது நானும் அவனும் ஒரே அறை. அவனுக்கு அம்மை கண்டபோது அறையை விட்டுப் போகாதவன் நான் ஒருவன். போன தேர்தலில் இந்தப் பக்கம் அவனுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவனும் நானே. நேரில் பார்த்தால் சரியாகிவிடும்.

ஜூலை 11, வியாழன்

நகரத்துக்குப் போய் வந்தேன். அரியாங்குப்பத்து ஆற்றில் தண்ணீர் குறைவு. தெ. வீட்டில் நல்ல காப்பி.

அறிவிப்பைப் பற்றிக் கேட்டதும் சிரித்தான். “ஏண்டா, உன் ஆளுங்களச் சப்பாத்து போட்டுக்கிட்டு வரச் சொல்லேன். போட்டுட்டு வந்தா எவன் தடுப்பான்? கொடியைக் கவர்னர் ஆசனத்துக்கு எதிர்ல நானே மாட்டிவைக்கிறேன். போதுமா?”

போதும் என்றேன். எழுத்தில் கேட்கத் தோன்றவில்லை. அவனிடமா?

திரும்பும்போது பல்வலி இல்லை.

ஜூலை 13, சனி

இரண்டு நாளாகச் சப்பாத்து வேட்டை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்ப் பென்ஷனுடன் திரும்பியவர்களின் பெட்டிகளைத் திறந்தால் ஒரு கடையே வைக்கலாம். பாய் கடை வாசலில் குவியல். பூசணம், எலி கடித்தது, லாடம் அடித்தது, ஆணி எழும்பியது.

கேட்டவை:

“யோவ், இது ரெண்டும் ஒரே காலுக்குய்யா.”

“அப்ப ஒரே கால்ல நில்லு. ஆட்டம் என்னா விடிய விடியவா நடக்கப்போவுது?”

ஏர் ஓட்டும் காளியப்பன் சப்பாத்தில் ஓட்டை காட்டினான். பாய் எட்டிப் பார்த்து, “காத்து வரும், போட்டுக்கபா” என்றார்.

மாலையில் ஏரிக்கரையில் நடைப் பயிற்சி. வயல் வரப்பில் ஓடுகிறவர்கள் மேட்டுப் பாதையில் தடுமாறினார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி, “இன்னா, பி.ஏ. ஐயாவுக்குக் கல்யாணக்களை” என்றாள்.

ஜூலை 15, திங்கள்

நேற்று எழுதவில்லை.  இன்று ஒழுங்காக எழுதுகிறேன்.

அணியை நண்பகலிலேயே கமிட்டி அழைத்துக்கொண்டு போய் வேறு வாசல் வழியாக உள்ளே வைத்துவிட்டது. நாங்கள் வண்டிகளில் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். எல்லார் காலிலும் சப்பாத்து. பாதிப் பேருக்குக் கொப்புளம். முகம் சுளிக்கவில்லை.

வாசலில் சிப்பாய்கள். ஒருவன் காளியப்பனின் வேட்டியைத் தடியால் தூக்கிக் காலைப் பார்த்தான்.

“மேசோடு எங்க?”

“இன்னாது?”

“காலுறைய்யா. மேசோடு இல்லாத சப்பாத்து சப்பாத்து இல்ல. போ.”

தெ. உள்ளேதான் நின்றான். வெள்ளை உடுப்பு, மார்பில் பிரெஞ்சு மூவர்ண நாடா. கூப்பிட்டேன். வந்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். தெ. என்னைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’ என்றான். பிரெஞ்சில், நான் யார், என் பெயர் என்ன, இந்தக் கூட்டத்துக்கு நான்தான் பொறுப்பா என்று கேட்டான். கையில் பென்சில்.

பெயரைச் சொன்னேன். சரியாக எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

பிறகு கொடியை வாங்கிக்கொள்ளுமாறு சிப்பாயிடம் சைகை. மூங்கிலை உருவிப் போட்டார்கள். துணியைச் சுருட்டி வாசல் மேசைக்குக் கீழே தள்ளினார்கள். பாய் குனிந்து மூங்கில்களைப் பொறுக்கிக்கொண்டார். 

தட்டிக்கு வெளியே நின்றோம். எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லிக் கத்தினோம். உள்ளே பாண்டு வாத்தியம். ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது. ஆட்டம் தொடங்கியது தெரிந்ததும் பாய், “கொடி இல்லாம எறங்கிட்டானுவளே” என்று மட்டும் சொன்னார்.

நகரத்து அணி கோல் போட்டால் தட்டி அதிரும். நம்மவர்கள் போட்டால் உள்ளே பேச்சே நின்றுவிடும். கண்டுபிடித்தவன் காளியப்பன். “உஷ். அடங்கிப்போச்சி பாரு. ஆறுமுவம் போட்டுட்டான்டா.”

ஒரு தடவை அதிர்ந்தது. இரண்டு தடவை அடங்கியது. கோப்பை பாகூருக்கு.

அணியைக் கமிட்டி விருந்துக்கு நிறுத்திக்கொண்டது. நாங்கள் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஏறினோம்.

இன்று காலை கமிட்டியின் மோட்டாரில் அணி ஊருக்கு வந்தது. கடைத்தெருவில் நிற்கவில்லை. ஆறுமுகம் என் வாசலைப் பார்க்கவில்லை.

“கோப்பை வந்தா ஊரு கண்ணுக்குத் தெரியாது போல” என்றான் காளியப்பன். எனக்கும் அது சரி என்றே பட்டது.

ஜூலை 17, புதன்

மழை, கொஞ்சம். பல்லைப் பிடுங்க வேண்டுமாம்.

பாய் பொறுக்காமல் நேற்று ஆறுமுகத்தின் கரும்புத் தோட்டத்துக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறார். இன்று அவனைக் கையோடு இழுத்து வந்தார். “எங்கிட்ட சொன்னத இவருகிட்ட சொல்லு.”

ஆறுமுகம் நின்றுகொண்டே சொன்னான். “ஊர்க்காரங்க எங்க, கொடி எங்கன்னு கேட்டேங்க. வராம எறங்கமாட்டோம்னோம். அந்தத் தலைவரு தனியா கூட்டிம்போயி, ஒங்க ஊர்லேருந்து ஒருத்தரும் வரல, அந்த பி.ஏ.கூட மழைக்குப் பயந்துக்கிட்டு வூட்டுலயே இருந்துட்டாருன்னாரு. மழையே இல்லையேன்னு தோணிச்சிங்க. ஆனா அவரு ஒங்க சிநேகிதராச்சே. பொய்யா சொல்லுவாருன்னு நெனச்சேன்.”

பிறகு: “பசங்க அழுதானுவ. அந்த ஆத்திரத்துலதான் ஆடனோம்.”

வாசலில் தெ. என்னை நிறுத்தியது அவனுடைய பயத்தால். துரை முன்னால் பாகூர்க்காரர்களின் நண்பனாகத் தெரியக் கூடாது என்ற பயம். அதைப் புரிந்துகொள்ளலாம், மன்னிக்காவிட்டாலும். ஆனால் அதற்குப் பிறகு உள்ளே போய், என் பெயரை எழுதிய பென்சில் பையில் இருக்க, நான் வரவில்லை என்று சொல்வதற்கு வேறு வகை மனம் வேண்டும். அதுவும் என்னோடு இருந்த நட்பையே சாட்சியாக வைத்து.

ஜூலை 18, வியாழன்

தெ. வந்தான். மோட்டாரில், மாம்பழக்கூடையுடன். தமிழில், ‘டா’ போட்டு.

“என்னடா மூஞ்சி இது? நீ மட்டும் பின்வாசலால வந்திருந்தா பக்கத்துல நாற்காலி போட்டிருப்பேன். அவங்களோட போய் நின்னா நான் என்ன பண்றது?”

ஆறுமுகத்திடம் சொன்னது பற்றிக் கேட்டேன்.

“ஆடமாட்டேன்னு நின்னான்யா. கவர்னர் உக்காந்திருக்காரு. ஒரு வார்த்தை சொன்னேன். அதனாலதானே ஜெயிச்சான்?”

வந்த காரியம்: துறைமுகத்துக்குப் பிரெஞ்சுக் கப்பல் வந்திருக்கிறது. ஞாயிறன்று மாலுமிகளுக்கும் பாகூருக்கும் ஆட்டம். கப்பல் தலைவருக்கு ஜனக்கூட்டம் பிடிக்குமாம். தட்டி இல்லை. வெறுங்கால் பரவாயில்லை. மேளம் வரலாம். கொடியை உனக்காகவே பத்திரமாக வைத்திருந்தேன் என்று துணியை மடித்தபடி மேசையில் வைத்தான்.

மாம்பழத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது சண்டையாகும். சண்டை என்றால் சமாதானம் உண்டு.

கொடியைப் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

ஊரே கிளம்புகிறது. நேற்று வரை தெ. பெயரைச் சொன்னால் துப்பிய காளியப்பன், மாட்டுக் கொம்புக்கு நீலம் பூசுகிறான்.

பாய் வாசலில் நின்று: “வாங்க பி.ஏ. ஐயா. கோவத்தையும் வண்டியில ஏத்திக்கலாம். எடம் இருக்கு.”

மனைவி: “சண்டை அந்த மனுசனோட. ஆட்டத்தோட இன்னாத்துக்கு?”

தட்டியை வைத்தவனே தட்டியைப் பிரித்துவிட்டு வா என்கிறான். போய் நின்று கைதட்டினால், வைத்ததும் அவன் உரிமை, பிரித்ததும் அவன் தயவு என்று ஒப்புக்கொண்டதாகும். இதைப் பாயிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நியாயந்தாங்க” என்றார். பிறகு, வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று சொன்னார்.

இருட்டுவதற்கு முன் ஆறுமுகம் தனியாக வந்தான். “நீங்க வேணான்னா ஆடலைங்க ஐயா.”

துறைமுகத்தில் அவனுக்கு வேலை போட்டுத் தருவதாகப் பேச்சு இருக்கிறது என்று கேள்வி. அவன் அதைச் சொல்லவில்லை.

ஆடு என்றேன்.

“நீங்க வருவீங்களா?”

இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். வரப்பைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தெ. அவனிடம் சொன்னது பொய். நாளை அது, என்னைப் பொறுத்தவரை, உண்மையாகிவிடும்.

ஜூலை 21, ஞாயிறு

நல்ல வெயில். விடிந்ததும் வண்டிகள் போயின. என் வண்டியையும் கேட்டார்கள். கொடுத்தேன். மாட்டுக்கு வைக்கோலும் ஏற்றிவிட்டேன்.

போகவில்லை.