நின்றால் குலுங்கும் வண்டி

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் இதைப் படித்துவிட்டுப் படுங்கள். பத்து மணிக்கு மெக்கானிக் சென்னப்பன் வருவார். பானெட்டைக்கூடத் திறக்காமல், "இன்ஜினை இறக்கித்தான் பாக்கணும்"னு சொன்னாரே, அதெல்லாம் வேண்டாம். டீ கொடுத்து அனுப்புங்கள். வண்டியை நானே சரி செய்துவிட்டேன்.

நம்பிக்கை இல்லையென்றால் ஸ்டார்ட் செய்து, பானெட் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். ஒரு சொட்டு சிந்தாது.

ஸ்டார்ட் செய்யும்போது பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக் கம்பியை ஒரு கயிறு இறுக்கிப் பிடித்திருந்தது. நீங்கள் சோக்கை உள்ளே தள்ளினாலும் கம்பி முழுதாகப் போகவில்லை. அதனால்தான் நிற்கும்போதெல்லாம் கரும்புகை, குலுக்கல். அவிழ்த்துவிட்டேன்.

கார் சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது. குழம்பில் ஈரல் முழுவதும் உங்களுக்குத்தான்.

ரோஷன்

பி.கு.: அது தர்கா கயிறு. சொன்னால் சிரிப்பீர்கள் என்று, வண்டி வந்த அன்றே, கண் படாமல் இருக்க, பானெட்டுக்குள் சொல்லாமல் கட்டியது நான்தான். "பாக்காம ஓட்டை வண்டிய வாங்கிட்டீங்க"ன்னு பத்து நாளாகத் திட்டியதும் நான்தான். மன்னிப்பெல்லாம் எழுதித் தர மாட்டேன்.

கயிறு இப்போது உள்ளே, கண்ணாடியில் தொங்குகிறது. சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவிழ்க்காதீர்கள்.