நாற்பத்தோராவது ஜன்னலுக்கு நான் சொன்ன கதை

ஏப்ரல் 22

இன்று இரண்டு பள்ளிக்கூடங்கள். நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகள், ஒரே தொண்டை. பழைய அரண்மனை, ஆயுதக்கூடம், அருங்காட்சியகம், ஆற்றுப்பாலம், கடைத்தெரு. தலைநகரத்தையே நாலரை மணி நேரத்தில் அவர்கள் வாயில் ஊட்டி அனுப்ப வேண்டும்.

ஆயுதக்கூடத்தில் ஒரு வாண்டு கேட்டது, இந்த வாளால் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று. முப்பத்தேழு என்றேன். எனக்கு என்ன தெரியும்? எங்கள் வழிகாட்டிகளில் மூத்தவர், நாங்கள் 'பெரிசு' என்று கூப்பிடுபவர், நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "தெரியாதுங்கிற வார்த்தைய மட்டும் வாயில வர விட்றாத. ஒரு தடவ சொன்னா அப்புறம் ஒருத்தனும் உன் பின்னாடி வரமாட்டான்." பதிமூன்று வருஷமாக நான் அப்படிச் சொன்னதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். பிழைக்கிறேன்.

ஏப்ரல் 24

குழந்தைகளின் அம்மா போன் செய்தாள். விடுமுறையில் நாலு நாள் அனுப்புகிறாளாம். நானே போய்க் கூட்டிவர வேண்டும், நானே கொண்டுபோய் விட வேண்டும். நாங்கள் பிரிந்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"பெரியவளுக்கு ஸ்கூல்ல தலைநகரத்தப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. எங்கப்பா இருக்கும்போது எனக்கு எதுக்குப் புத்தகம்கிறா," என்றாள்.

இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஊரைச் சுற்றிக் காட்டிய மனுஷன், பெற்ற பிள்ளைகளுக்கு இப்போதுதான் காட்டப் போகிறேன்.

ஏப்ரல் 30

வந்துவிட்டார்கள். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு. என் ஒற்றை அறையைப் பார்த்து மகன், "மீதி வீடு எங்கப்பா?" என்றான்.

மகள் என்னை 'நீங்க' என்கிறாள். முன்பெல்லாம் 'நீ'தான். விருந்தாளி மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

மே 1

அரண்மனை. கூட்டத்துக்குச் சொல்கிற மாதிரியே சொல்லிக்கொண்டு போனேன், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் நிறுத்தி, கையை உயர்த்தி. மகன் சிரித்தான். மகள் எழுதிக்கொண்டே வந்தாள்.

மேற்குச் சுவரில் அறுபது ஜன்னல்கள். விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். "அப்பா, நாப்பத்தொண்ணு மட்டும் ஏன் செங்கல் வச்சு அடைச்சிருக்கு?"

பதிமூன்று வருஷத்தில் ஒரு குழந்தைகூட அதைக் கேட்டதில்லை. நானே கவனித்ததில்லை. என் மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஒரே பெருமை. அந்தப் பெருமையில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

ராஜா போருக்குப் போயிருந்தார் என்றேன். அவருக்கு ஒரு மகள், உன் வயசுதான். தினமும் அந்த ஜன்னலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம். ஒருநாள் ராஜா திரும்பி வந்தார். வந்ததும் முதல் வேலையாகக் கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த ஜன்னலை அடைக்கச் சொன்னார். இனிமேல் நீ எனக்காக இங்கே நிற்கவே வேண்டாம், நான் எங்கேயும் போகமாட்டேன் என்று மகளிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டாள். அதையும் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்.

"அப்புறம் ராஜா நெஜமாவே எங்கயும் போகலையா?" இது மகன்.

"போகவே இல்ல."

வாசல் வரைக்கும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வருஷம் என்று ஏன் சொன்னேன்? ஐந்து என்று சொல்லியிருக்கலாம். பத்து என்றுகூட.

மே 3

கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். போகும்போது ஆறு மணி நேரம் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை தொண்டை வரை வந்தது. அந்த ஜன்னல் விஷயம் இருக்கே, அது சும்மா ஒரு கதை — இவ்வளவுதான், நாலே வார்த்தை.

"நீ சொன்னதுலயே அந்த ஜன்னல்தான்ப்பா பெஸ்ட். அதத்தான் முதல்ல எழுதப் போறேன்," என்றாள்.

நீ என்றாள். அதற்கப்புறம் எனக்கு எங்கே வாய் வரும்?

மே 4

சொல்லியிருக்கலாம்.

மே 19

பெரிசிடம் மெதுவாகக் கேட்டேன், அந்த ஜன்னலை ஏன் அடைத்தார்கள் என்று.

"அதுவா? உள்ள புதுசா மாடிப்படி கட்டினாங்க, ஜன்னல்ல இடிச்சுது. அடைச்சுட்டாங்க. ஏன், நீ என்ன சொன்ன?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதமா இருக்கே! நாளையிலேர்ந்து நானும் இதையே சொல்றேன்."

ஜூன் 8

மகள் போன் செய்தாள். அவள் எழுதியதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். மூச்சு வாங்கப் பேசினாள். "எல்லாம் நீ சொன்னதுதான்ப்பா!"

இப்போதாவது சொல்லித் தொலைத்திருக்க வேண்டாமா? "சத்தமாப் படிக்கணும், கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்று பாடம் நடத்தினேன். பெரிய பேச்சாளர்.

ஜூன் 14

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது ஆறு வாரம் தாங்கியது.

அவள் அம்மாதான் பேசினாள். கத்தவில்லை. படித்து முடித்ததும் டீச்சர், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். எங்கப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார், அவருக்குத் தெரியும் என்றாளாம் இவள். டீச்சர் அரண்மனையைப் பற்றிய புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். புத்தகம்தான் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சண்டை போட்டிருக்கிறாள்.

"எங்கப்பா பொய் சொல்லமாட்டார்னு சொல்லியிருக்கா. பிள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்காங்க. வந்ததுலேர்ந்து சாப்பிடல. அவகிட்டயுமா உங்க வேலையக் காட்டணும்?"

அய்யோ, என் குழந்தை அத்தனை பேருக்கு நடுவில எனக்காகத் தனியா நின்னிருக்கே! நான் என்ன மனுஷன்?

ஜூன் 15

போன் செய்தேன். மகளே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு இருந்தாளா, இல்லையா?"

"இல்லம்மா."

"அவங்க அப்பா திரும்பி வந்தது?"

"அதுவும் நானாச் சொன்னதுதான்."

பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா. உன் முன்னாடி..."

"சரிப்பா. தம்பிகிட்ட குடுக்கறேன்."

ஜூலை 2

ஆயுதக்கூடத்தில் ஒரு சிறுமி, அந்தக் கவசத்தை யார் போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டாள். தெரியாது என்றேன். பெரிசு தூரத்தில் இருந்து முறைத்தார்.

ஒன்றும் ஆகிவிடவில்லை. அந்தச் சிறுமி "ஓ" என்றாள், அவ்வளவுதான். எல்லாக் குழந்தைகளும் எப்போதும் போலப் பின்னால் வந்தார்கள். இது இவ்வளவு சுலபம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் முயற்சி செய்து பார்க்கவில்லை.

அக்டோபர் 6

குழந்தைகளின் அம்மா இரண்டு நாள் அனுப்பியிருந்தாள். மகள் வருவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தாள். சாப்பிட்ட தட்டைக் கழுவினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஒரு முகச்சுளிப்பு இல்லை. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

அருங்காட்சியகத்தில் மகன் ஒவ்வொன்றாகக் காட்டி "இது என்னப்பா?" என்று என்னிடம் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "இருடா, போர்டுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்றேன்," என்று முன்னால் போய்விடுவாள். கோபமாகச் சொல்லவில்லை. தம்பி தெரியாமல் எதையாவது நம்பிவிடக் கூடாது என்கிற அக்கறையில் சொன்னாள். நான் இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அவர்களை ஊரில் விடுவதற்காகச் சாயங்காலம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். மகன் என் சட்டையை இழுத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.

"அஞ்சு பத்துக்கு."

மகள் பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு விசாரணைக் கவுண்டருக்குப் போனாள். அங்கே நீளமான வரிசை. கடைசி ஆளாக நின்று, தன் முறை வந்ததும் எக்கி நின்று கேட்டாள். திரும்பி வந்து தம்பியிடம் சொன்னாள்.

"அஞ்சு பத்துதான்டா."

பஸ் சரியாக ஐந்து பத்துக்குக் கிளம்பியது.