பூச்சிக்கு வாங்கிய சாராயம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி-4,
13-7-1983.

அன்பு மகள் ஆதிலட்சுமிக்கு அம்மா ஆசியோடு எழுதுவது. நானும் உங்கப்பாவும் சுகம், நீயும் கல்கத்தாவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். இந்தக் கடிதத்தை உனக்குத் தபால்காரர் தந்திருக்க மாட்டார், உங்கப்பாதான் தந்திருப்பார், நீ விட்டுவிட்டுப் போன கண்ணாடிக் குப்பியும் அவரிடம்தான் இருக்கிறது. பூச்சி பத்திரம். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நிதானமாக மீதியைப் படி.

வால்பாறைக் காட்டு ஓடையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்ததை நம் வீட்டு ஜன்னலில் மறந்துவிட்டு ரயிலுக்கு ஓடினாயே, சீப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டாய். இதுவரை யாரும் பார்த்து எழுதாத ஜாதி, ஆண் மட்டும்தான் கையில் இருந்தது, பெண் இந்த ஒன்றுதான் அகப்பட்டது, இதைக் காட்டினால்தான் உங்க ஆபீஸ் பெரிய அதிகாரி உன் கட்டுரையை அச்சுக்கு அனுப்புவார் என்றெல்லாம் சாப்பிடும்போது நீ சொன்னது என் காதில் இருந்தது. அதனால் மரியாதையாகச் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பூவும் வைத்தேன். விளக்குச் சூடு அதற்கு ஆகாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் தந்தி வந்தது, குப்பியில் ஸ்பிரிட் குறைந்தால் ஊற்று, காய விடாதே என்று. போய்ப் பார்த்தால் தக்கை சுருங்கி, அடியில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம், பூச்சி ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடை எல்லாம் பூட்டு. ஆனால் சாராயக்கடைக்கு ஏது ஞாயிறும் திங்களும்?

உங்கப்பா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, நான் போய் வாங்கியாரேன் என்றார். பெரியவள் தையல்நாயகி கல்யாணத்தோடு குடியை விட்ட மனுஷர், அக்காவுக்காக அவர் விட்டதை நான் தங்கைக்காகக் கெடுப்பேனா? நீங்க உக்காருங்க என்று சொல்லிவிட்டு நானே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். பாவாடை என்கிற கடைக்காரன் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, யக்கா, சத்தியமா மாமா இந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்கறதில்லக்கா என்றான். அவன் பயம் அவனுக்கு, அந்தக் காலத்தில் வாசலில் நின்று நான் போட்ட சத்தம் அப்படி. எனக்குத்தான்டா வேணும், இருக்கறதுலயே காட்டமா ஒண்ணு குடு என்றேன். உள்ளே உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன் எழுந்து எனக்கு இடம் விட்டான் தெரியுமா. சாயங்காலம் எதிர்வீட்டு அஞ்சலாட்சி சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்து என் வாயருகே மூக்கை நீட்டினாள். நான் வேண்டுமென்றே ஒரு ஏப்பம் விட்டேன்.

சாராயத்தை இங்க் பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டது உங்கப்பாதான், தறியில் அறுந்த இழையைப் பிணைத்த கையல்லவா, ஒரு நடுக்கம் இல்லை, முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒட்டியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவருடைய மூக்குக்கண்ணாடியை லென்ஸ் மாதிரி பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். அடி ஆதிலட்சுமி, என்ன அழகு! பூச்சி என்று நீ சொன்னபோது நான் கரப்பான் மாதிரி நினைத்துவிட்டேன். மஞ்சள் பூசிக் குளித்த முகம் மாதிரி தலை, நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு, ஆணுக்கும் உண்டு என்று நீ சிரிப்பாய், இருக்கட்டும், இவளுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது. உடம்பைவிட நீளமாய் நாலு இறக்கை, புகை நிறம், பெட்டியில் வைக்கிற பட்டுச்சேலை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய மடித்து முதுகில் வைத்திருக்கிறாள். அதில் ஓடுகிற நரம்பைப் பார்த்து உங்கப்பா, பாவும் ஊடும் ஓட்டினாப்பல இருக்குடி, எந்த மில்லுல நெய்ஞ்சானோ என்று வாயைப் பிளந்தார். பின்னால் இரண்டு வால், முன்னால் இரண்டு மீசை, ஒன்றும் ஒடியவில்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் கல்லுக்கு அடியில் ஓடுகிற தண்ணீரில் கிடந்துவிட்டு, இறக்கை முளைத்து நாலு நாள் வெளியே இருக்கிற உயிர், கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் வந்தாலும் பிழைக்காது என்றாயே, நம் உப்பாற்று வாய்க்காலில் கொசுவைத் தவிர எதைக் கண்டோம். இத்தனை காலமாகப் பேரில்லாமல் இருந்தவளுக்கு என் வயிற்றில் பிறந்தவள் பேர் வைக்கப் போகிறாள் என்று நினைத்தால் பெருமையில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை மருந்துக்கடையில் ஸ்பிரிட் கேட்டால் டாக்டர் சீட்டு வேண்டும் என்கிறார்கள். தபாலில் போட்டால் குப்பி உடையும். நாமதான் கொண்டுபோய்க் குடுக்கணும், நான் போறேன், பாப்பா வேல கெடக்கூடாது என்று உங்கப்பா சொல்லிவிட்டார். தக்கை இன்னும் கசிகிறது, வழியில் அடிக்கடி ஊற்ற வேண்டும், அதனால் இருமல் மருந்துப் புட்டி நிறையச் சாராயம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கனகசெட்டிக்குளம் தாண்டி எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் சோதித்தால் பூச்சிக்கு மருந்து என்று சொல்லச் சொன்னேன், பொய் இல்லையே. முறுக்கும் வஞ்சிரக் கருவாடும் தனிப் பையில் இருக்கின்றன. ராத்திரி கண் விழித்து எழுதினால் தலைக்கு எண்ணெய் வை, மழையில் ஓடையில் இறங்கினால் ஈரத்துணியோடு நிற்காதே. கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, பூச்சி அச்சில் வரட்டும்.

ஒன்றே ஒன்று, கண்ணு. இரண்டு ராத்திரி ரயிலில் அவரும் அந்தப் புட்டியும் தனியாக. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் புட்டியில் அளவு பார்க்க நான் கரிக்கோடு போட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறாய். இந்தத் தடவை கோடு போடாமல்தான் கொடுத்தேன், அதை அவரும் கவனித்தார், வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதனால் அப்பா வந்து நின்றதும் குப்பியைப் பார், பூச்சியைப் பார், அவர் முகத்தைப் பார். புட்டியில் மிச்சம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே.

நீயும் நீ பேர் வைக்கிறவளும் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தவல்லி