தம்பியைத் தேடிப்போன வண்டிக்காரன்

இன்று மதியம் துணிப்பெட்டியைத் திறந்ததும் கார்பாலிக் மருந்து வாடை அடித்தது. அடியில் நம் ருஷ்ய நாவல் கிடந்தது. ரெங்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில், மருந்து அலமாரியில் ஏழு மாதம் இருந்த புத்தகம். நான் ஜொகூர் பாருவுக்கு மாற்றலாகி வந்து இத்தனை வருடமாகியும் தாள்களை விட்டு அந்த வாடை போகவில்லை.

சீமைக்குத் திரும்பிய துரையம்மா கழித்துப்போட்ட குவியலிலிருந்து அதை நீதான் தூக்கிவந்தாய். நீ தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். இருவருக்கும் இருபத்தாறு வயது. இங்கிலீஷ் படித்தவர்கள் என்று கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் நமக்குப் பெரிய பெயர். முப்பது பக்கம் தாண்டுவதற்குள் என் இங்கிலீஷ்மேல் எனக்கிருந்த நம்பிக்கை போய்விட்டது. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். யார் யாரென்றே தெரியாமல் மூடி வைத்தேன். நீ சிரித்தாய்.

"இதுல என்னப்பா கஷ்டம்? நம்ம கட்டையனையே பாரு. என் பேரேட்டுல அவன் சண்முகம், வீராசாமி மகன். ஆத்தாவுக்குச் சம்மு. லயத்துல கட்டையன். ருஷ்யாக்காரனும் நம்மாளு மாதிரிதான்."

அதற்குப் பிறகு நாவல் ஓடியது. வேலை முடிந்து மாலை நாலு மணிக்கு நீ வருவாய். நான் காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மருந்து கொடுத்துக்கொண்டிருப்பேன். நீ வாசிக்க, நாம் சண்டை போட, ஒருநாள் மூன்றாவது கட்டிலிலிருந்து மரத்தில் பால் வெட்டும் முனியம்மா குரல் கொடுத்தாள்.

"கிராணி ஐயா, அந்த ஊர்ல என்னாதான் நடக்குது? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

அன்றிலிருந்து நீ தமிழில் சொல்ல ஆரம்பித்தாய். ஒரு பண்ணையார் தன் வண்டிக்காரனின் தம்பியைப் பட்டாளத்துக்குப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார். அண்ணன்காரன் பனியில் நடந்தே அவனைத் தேடிப் போகிறான். "பனின்னா எப்படிங்க?" என்று கேட்டார்கள். "இலவங்காய் வெடிச்சுப் பஞ்சு பறக்குமே, அது சில்லுன்னு இருந்தா எப்படி, அப்படி" என்றாய். அதைவிட நன்றாக எந்த இங்கிலீஷ்காரனும் மொழிபெயர்த்திருக்க மாட்டான்.

முனியம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. ஆனாலும் பால் வாளியோடு தினமும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது அவள் தம்பியை உடம்பு சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த கப்பலில் வருவான் என்று ஆள் சேர்த்து வந்த கங்காணி சொன்னான். பதினோரு வருடமாகியும் அவன் வரவில்லை. தினமும் அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தம்பி கெடைச்சானா?"

முடிவை நீ முன்னமே படித்திருந்தாய். என்னை மருந்தறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னாய். நான் கெஞ்சினேன்.

"கெடைச்சிட்டான்னு சொல்லிடுப்பா. எழுதினவன் வந்து கேக்கவா போறான்?"

"அவ கதையவா கேக்குறா? காத்துக்கிட்டே இருக்கலாமான்னு கேக்குறா. நான் பொய் சொன்னா இன்னும் பதினோரு வருசம் இந்தப் படியிலயே உக்காந்திருப்பா."

வெளியே போய் உள்ளபடியே சொன்னாய். வண்டிக்காரன் பட்டாளத்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தபோது கட்டில் காலியாக இருந்தது. தம்பியைப் புதைத்து மூன்று நாளாகியிருந்தது. முனியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் நடந்தேதானே போனான்?"

"ஆமாம்மா."

"எனக்குக் கப்பல் இருக்குங்க."

ரப்பர் விலை விழுந்து, பலர் ஊர் திரும்பிய நேரம் அது. இரண்டு மாதத்தில் அவளும் கப்பல் ஏறிவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் நீ அதே மூன்றாவது கட்டிலில் படுத்தாய். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துவிட்டது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், புது மருந்து வந்திருக்கிறது என்று ஏதேதோ பேசினேன்.

"நான் கேக்குறது முடிவத்தான்ப்பா" என்றாய்.

கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரெண்டு நாள். மூணு ஆகலாம்."

நீ கண்ணை மூடித் திறந்தாய். "சரி. பேனா எடு."

அம்மாவுக்கு ஒரு கடிதம், தங்கைக்கு ஒன்று. உன் வார்த்தை ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. மீதி நேரத்தில் அந்த நாவலின் நடுப்பகுதி வெறும் வளவளப்பு என்று என்னோடு வாதாடினாய். மூன்றாம் நாள் காலை போய்விட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அடுத்த வருடம் முனியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் ஊர் போய்ச் சேருவதற்கு முன்பே தம்பி இறந்துவிட்டான். அவனுடைய இரண்டு பெண் பிள்ளைகளை அவள்தான் வளர்க்கிறாள். கிராணி ஐயாவிடம் சொல்லவும் என்று எழுதியிருந்தாள். சொல்லிவிட்டேன்.

இங்கே ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்குச் சொல்ல வாய் வராததைச் சொல்ல என்னைத்தான் அனுப்புகிறார்கள். நான் நின்றுகொண்டு சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நோயாளியின் மனைவிக்கோ தகப்பனுக்கோ பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் சொல்கிறேன். அழுகிறார்கள். பிறகு எழுந்து, மிச்சமிருக்கும் நேரத்தில் செய்ய வேண்டியதைச் செய்யப் போகிறார்கள்.